அக்கா பேரில் நின்ற மொட்டைக் கடிதம்

உப்பளம் ஏரியாவில் இருந்த எங்கள் ஆபீஸில் ஏழு பேருக்கு ஒரே பிரிண்டர். அதுவும் ஆபீசர் அறைக் கதவோரம். எது வந்து விழுந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

அன்று நான் அடித்தது அவரைப் பற்றிய மொட்டைக் கடிதம். முந்தின நாள் பக்கத்து சீட்டு அக்கா, மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டார். அதற்கு அவரை மத்தியானம் வரை மேசை முன்னால் நிற்க வைத்தார் அந்த மனுஷன். அக்கா ஒப்பந்த ஊழியர். அந்த மாதம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆபீசர் கையெழுத்து வேண்டும். அக்காவால் வாய் திறக்க முடியாது. எனக்கு வயிறு எரிந்தது. மேலிடத்துக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பேர் போடாமல்தான். அவ்வளவு வீரம்!

என் கம்ப்யூட்டரில் அடித்தால் மாட்டிக்கொள்வேன் என்று அக்காவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முந்தின நாள் லீவு கிடைத்த அவசரத்தில் அவர் அதை அணைக்காமலே போயிருந்தார். பென் டிரைவில் எடுத்துப்போய் வெளியே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடுவதாகத் திட்டம். ஆனால் அடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் கை தானாகப் பிரிண்ட் கொடுத்துவிட்டது. அடச்சே!

நல்ல வேளை, பிரிண்டரில் பேப்பர் இல்லை. பியூன் எடுத்துவரப் போயிருந்தார். அதற்குள் அழித்துவிடலாம் என்று பார்த்தால் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது அக்காவின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. என் சீட்டுக்கு ஓடிப்போய் பிரிண்டர் வரிசையைத் திறந்தேன். என் கடிதம்தான் முதலில் நின்றது, பக்கத்தில் அக்கா பேர். டெலீட் கொடுத்தால் அனுமதி இல்லை என்றது. பத்துத் தடவை கொடுத்தேன், பத்துத் தடவையும் அதே பதில். பிரிண்டரையே அணைத்தேன். கடிதம் அசையவில்லை. அது இருந்தது லாஸ்பேட்டையில் உள்ள சர்வரில்.

அங்கிருந்த சிஸ்டம் ஆளுக்குப் போன் செய்தேன்.

"அவங்கவங்க பிரிண்ட்ட அவங்கவங்கதான் அழிக்க முடியும் மேடம். முன்னாடி எல்லாருக்கும் பர்மிஷன் குடுத்திருந்தேன். நீங்க ஒருத்தர் பிரிண்ட்ட ஒருத்தர் அழிச்சிட்டு சண்ட போட்டீங்க."

"இப்ப எனக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்களேன்."

"உங்க ஆபீசர்தான் அந்த பர்மிஷன எடுக்கச் சொன்னாரு. அவர்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க, குடுக்கறேன்."

யாரிடம் எழுதி வாங்குவது? போனைச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அவன் மேல் என்ன தப்பு, என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் அரியாங்குப்பத்தில் வீட்டில் இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, உங்க பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்லுங்க, அவசரம்" என்றேன்.

"எழுதிக்கடி" என்றார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் குழந்தை இருமுவது கேட்டது.

மறுபடி அக்காவின் நாற்காலிக்கு ஓடி பாஸ்வேர்டை அடித்தேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பியூன் பேப்பர் கட்டோடு வந்தார். "யாரு இத ஆஃப் பண்ணது?" என்று பிரிண்டரைப் போட்டு, பேப்பரைச் சொருகினார். நான் எழுந்து ஓடுவதற்குள் ஆபீசர் கையில் அந்தத் தாள் இருந்தது.

நின்றபடியே முழுவதும் படித்தார்.

"யாரு அடிச்சது இது?"

எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"சிஸ்டம் ஆளக் கேட்டா ஒரு நிமிஷத்துல பேர் வந்துடும்" என்று போனை எடுத்தார். அவன் சொல்லப்போகும் பேர் அக்காவுடையது.

"நான்தான் சார்" என்றேன். "அக்கா சீட்ல உக்காந்து நான்தான் அடிச்சேன். அவங்களுக்கு எதுவும் தெரியாது."

அவர் நம்பாமல் அந்த நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை என் முன்னால் போட்டார்.

"இதுல உன் பேரே இல்லையே?"

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். தினமும் நூறு கையெழுத்துப் போடுகிற கைதான். அன்று என் பேரை எழுதி முடிக்க அத்தனை நேரம் பிடித்தது.