கழுத்தில் இரண்டு கார்டு

வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் மாணவர் கார்டை வைத்தால் பீப் என்று ஒரு சத்தம், ஒரு பச்சை விளக்கு, வருகைப் பதிவு முடிந்தது. ஏழு வாரமாக நான் நுழையும்போது மட்டும் இரண்டு பீப். முதலாவது எனக்கு, இரண்டாவது வக்கீலுக்கு. வக்கீல் அந்த நேரத்தில் எங்கள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

அவள் ஒன்றும் நிஜ வக்கீல் இல்லை. என்னோடு இந்த வெளிநாட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்புப் பொறியியல் படிக்க வந்தவள். வந்து இறங்கிய அன்றே, பெட்டிக்குத் தனி டிக்கெட் கேட்ட பஸ் டிரைவரோடு இந்த ஊர் மொழியில் மல்லுக்கு நின்றாள். எனக்கு அப்போது அந்த மொழியில் "மன்னிக்கவும்" தவிர வேறெதுவும் வாயில் வராது. ஹீட்டர் ஓடவில்லை என்று வீட்டுக்காரரை மூன்று தடவை வரவழைத்தாள். ஃபிரிட்ஜில் யாருக்கு எந்தத் தட்டு என்பதற்கே அரை மணி நேரம் வாதம். வக்கீல் என்று பேர் வைத்தது நான்தான். கொஞ்சம் வாயை மூடுடி தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். கும்பிட்டது பலித்துவிட்டது.

மூன்றாவது மாதம் அவளுக்குக் காய்ச்சல். "எனக்கு ப்ராக்ஸி போட்டுடுடி," என்று கார்டை நீட்டினாள். எனக்கு அது கைவந்த கலை. ஊரில் காலேஜில் பேர் கூப்பிடும்போது, வராத நாலு பேருக்கு நாலு குரலில் "பிரசன்ட் மேம்" சொன்னவள் நான். ஒரு நாளும் மாட்டியதில்லை. கூட்டாளிக்கு ப்ராக்ஸி போடாதவள் எல்லாம் ஒரு கூட்டாளியா? இங்கே குரலைக்கூட மாற்ற வேண்டாம், கார்டை வைத்தால் போதும். இப்படி ஏமாந்த சோணகிரிகளாக இருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டே வைத்தேன்.

மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. அவள் எழவில்லை.

எனக்கு அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. எட்டு மணிக்கு பஸ், ஒன்பது மணிக்கு வகுப்பு, மூன்று மணிக்கு ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. தட்டுகளை அடுக்கி மெஷினுக்குள் தள்ள வேண்டும், ஆவியோடு அந்தப் பக்கம் வந்ததும் சுடச்சுட எடுத்து அடுக்க வேண்டும். முதல் வாரம் விரலெல்லாம் வெந்துபோனது. அப்புறம் சூடு தெரியவில்லை. போகப் போக எதுவுமே தெரியவில்லை. சோறு ருசிக்கவில்லை, ருசிக்கவில்லையே என்ற கவலையும் வரவில்லை. திரும்பி வந்தால் வக்கீல் காலையில் கிடந்த அதே இடத்தில் கிடப்பாள். நான் வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை படிந்திருக்கும். கொட்டுவேன், டம்ளரைக் கழுவுவேன்.

"சாப்டியா?"

"ம்."

"எப்போ?"

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "என்னதான்டி ஆச்சு உனக்கு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணும் இல்லடி."

"அழவாச்சும் செய்யேன்!"

"வந்தா அழ மாட்டேனா?" என்றாள். "வரல."

அன்று அவள் என்னோடு சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காலை ஏழு மணிக்கு மட்டும் எழுவாள். அவள் அப்பா வீடியோவில் கூப்பிடும் நேரம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் பியூன். அங்கே மதிய மணியை அடித்த கையோடு மகளைக் கூப்பிடுவார், ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. வக்கீல் தலை வாரி, கோட் மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்காருவாள்.

"கிளம்பிட்டியாம்மா?"

"கிளம்பிட்டேன்பா."

"குளிருக்குக் காதை மூடிக்கோ."

"சரிப்பா."

போன் அணைந்ததும் கோட்டோடும் பையோடும் அப்படியே சாய்ந்துவிடுவாள். பையை நான்தான் கழற்றி வைப்பேன். பிறகு அவளிடம் ஒன்றும் சொல்லாமலே அவள் கார்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். எண்பது சதவீதம் வருகை இல்லாவிட்டால் படிப்பும் போகும், விசாவும் போகும். அவளை ஊருக்குத் திருப்பி அனுப்பாமல் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பெருமைகூட இல்லை. தட்டு அடுக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

எங்கள் வகுப்பில் முதல் வரிசையில் ஒரு கண்ணாடிக்காரன் உண்டு. இரண்டு வாரமாக ஆளைக் காணவில்லை. ஏழாவது வாரக் கடைசியில் வந்து உட்கார்ந்திருந்தான். எங்கே போனாய் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். எங்கும் போகவில்லை, ரூமிலேயே கிடந்தேன், படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றான். தொடர்ந்து ஐந்து நாள் கார்டு வைக்காவிட்டால் மாணவர் அலுவலகத்தில் பேர் சிவப்பாகிவிடுமாம். போன் போடுவார்களாம். எடுக்காவிட்டால் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார்களாம்.

"டாக்டர்கிட்ட அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க," என்றான். "அந்தப் பெட்டியை வச்சிருக்கறதே அதுக்குத்தானே. உனக்குத் தெரியாதா?"

வாயில் ரொட்டி இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தேன். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். அவள் நன்றாக இருக்கிறாள், எழுந்து நடமாடுகிறாள் என்று முப்பத்தைந்து தடவை நான் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு கார்டை மட்டும் வைத்தேன். ஐந்து நாள் ஓடிவிட்டால் அவர்களே வந்துவிடுவார்கள், நானும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு திட்டம். பயந்தாங்கொள்ளித் திட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ப்ராக்ஸி போட்டது தெரிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் மூட்டை கட்ட வேண்டிவரும். செவ்வாயும் அப்படியே போனது.

புதன்கிழமை ஏழு மணிக்கு போன் அடித்தது. வக்கீல் அசையவில்லை. நின்று, திரும்பவும் அடித்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்பா கூப்பிடறாருடி. எந்திரி."

"நீயே சொல்லிடேன்."

"என்னன்னு?"

"கிளம்பிட்டேன்னு."

போன் திரையில் காக்கிச் சட்டையோடு அவள் அப்பாவின் படம். நாலு பேருக்கு நாலு குரலில் பேசியவள் நான். அந்த மனுஷனிடம் பேச ஒரு குரலும் வரவில்லை. பயமாக இருந்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் எனக்கு ஏதோ ஒன்று தெரிந்தது என்றால், அந்தப் பயம்தான்.

மாணவர் அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் இரண்டு கார்டையும் வைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணு இப்போ தனியாவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கோட்டை எடுத்தார்.

அவரும் இன்னொருவரும் என்னோடு வந்தார்கள். சாவி என் பையில்தான் இருந்தது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் தட்டிய பிறகு வக்கீல் வந்து திறந்தாள். தலை வாரவில்லை, கோட் இல்லை. திரும்பிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, மெதுவாக ஏதோ கேட்டார். பஸ் டிரைவரோடு மல்லுக்கு நின்ற அதே மொழிதான். வக்கீலுக்கு அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"காய்ச்சல் விட்டப்புறம் எந்திரிக்கவே முடியலடி. காலேஜ்லேர்ந்து யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். யாரும் வரல. சரி, நான் இல்லன்னா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது போலன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவங்ககிட்ட சொல்லு."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"நான் காத்திருந்தேன்," என்று அவளுக்காகச் சொன்னேன். "யாரும் வரவில்லை."

அதற்கு மேல் மொழிபெயர்க்க முடியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பினேன்.

"வந்திருப்பாங்கடி," என்றேன். "நான்தான் வர விடல."