சிரிக்காத ஒற்றனின் ரசிகர்

ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கன்னங்களைத் தேய்த்துக்கொள்கிறார். இரண்டு கட்டைவிரல்களையும் காதுக்கு முன்னால் வைத்து அழுத்தி, வாயைத் திறந்து மூடி, வட்டமாகத் தேய்க்கிறார். பல்வலியாக்கும் என்று முதலில் நினைத்தேன். கேட்டபோது, "சிரிச்சி சிரிச்சி வலிக்குது சார்" என்றார். சொன்னவர் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

சிரிப்பது அவருக்கு வேலை. பெங்களூரில் கணினிக் கம்பெனிகளும் கால் சென்டர்களும் இப்போது ஆள் எடுக்கிற வேகத்தில், எடுத்த ஆள் சொன்ன விலாசத்தில் நிஜமாகவே இருக்கிறானா, ஒழுங்கானவன்தானா என்று பார்த்து வர இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. பார்த்து வருகிறவர்களில் ரெமிஜியஸ் ஒருவர். அவர் அலுவலகத்து வாசல் பலகையில் 'டிடெக்டிவ்' என்று எழுதியிருக்கிறது. துப்பாக்கிக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபைல், காருக்குப் பதில் பஸ் பாஸ். சம்பந்தப்பட்டவரின் வீட்டார் சொன்னால் போதாது, அக்கம்பக்கத்தில் ஒருவராவது ஆமாம் என்று சொல்லவேண்டும். எதற்காக விசாரிக்கிறோம் என்று மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. வேலைக்காக என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரையும் உத்தமன் என்று சொல்லிவிடுவார்களாம்.

"சிரிச்சிகினே போவணும் சார். மொறைச்சா கதவ சாத்திடுவாங்க. போலீசுன்னு நெனப்பாங்க, இல்லாட்டி தவணைக்காரன்னு நெனப்பாங்க. நாய்ங்ககிட்ட கூட சிரிச்சாவணும்."

அதற்கு முன்னால் அவர் கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் காவல் பிரிவில் இருந்தார். மேலே ஏறி வருகிற தொழிலாளிகள் தங்கத்தை ஒளித்து எடுத்துவருகிறார்களா என்று தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை. அங்கே சிரித்தால் உனக்கும் பங்கு உண்டா என்று கேட்பார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு மனைவி எலிசபெத்தோடு விவேக் நகருக்குக் குடிவந்தார். நாங்கள் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால் எனக்குச் சத்தம் கேட்கும், என் வீட்டில் சண்டை வந்தால் அவருக்குக் கேட்கும்.

சினிமாப் பக்கம் எழுதிப் பிழைக்கிற எனக்கு எங்கள் பத்திரிகை ஆசிரியர் சீனிவாசராகவன் ஒரு வேலை கொடுத்தார். உளவாளிப் படங்கள் இரண்டு விதமாக வருகின்றனவே, அடித்துக்கொண்டே ஜோக்கடிக்கிறவன் ஒரு விதம், அடித்துவிட்டு வருத்தப்படுகிறவன் இன்னொரு விதம், இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் என்றார். எனக்கு இரண்டுமே அலுத்துப்போயிருந்தது. தெருமுனையில் சிடி கடை வைத்திருக்கும் சந்தானம்தான், "ஒற்றன் படம்னா உங்க எதிர்வீட்டுக்காரர கேளுங்க. கடையில இருக்கிறது பூரா பார்த்தாச்சு, புதுசு வரலைன்னு என்னத் திட்டறார்" என்று கை காட்டினார்.

கேட்டேன். ரெமிஜியஸ் நாற்காலியில் கால்களைத் தூக்கி மடக்கி உட்கார்ந்துகொண்டு, பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரி யோசித்துச் சொன்னார்.

"சிரிக்கிறவன் படத்துல நூறு பேர் சாவான் சார், ஒருத்தன் பேரும் நமக்குத் தெரியாது. சிரிக்காதவன் படத்துல ஒருத்தன்தான் சாவான். அவனுக்குப் பொண்டாட்டி இருக்கும், அவன் வீட்டுக் கதவத் தட்டி யாராவது சொல்லணும். அதான் வித்தியாசம்."

"உங்களுக்கு எது பிடிக்கும்?"

"சிரிக்காதவன்தான். நாளெல்லாம் நான் சிரிச்சிட்டு வர்றேன். வூட்ல குந்தி இன்னொருத்தன் சிரிக்கறத வேற பாக்கணுமா?"

எலிசபெத் அடுப்படியிலிருந்தே மறுப்பு சொன்னார். "நீங்க இவர் சொல்றத எழுதாதீங்கண்ணா. அந்தாளு எப்பப் பார்த்தாலும் தலைவலி வந்தவன் மாதிரி மழையில நிக்கிறான். கோலாருல நாம பாக்காத சோகமா? அதுக்கு வாடகை குடுத்து வேற சிடி எடுக்கணுமா?" இந்த வீட்டில் ஒரு வாரம் சிரிக்கிற ஒற்றன், மறுவாரம் சிரிக்காத ஒற்றன் என்று முறை வைத்து ஓடுகிறது. சிரிக்கிறவன் வாரத்தில் ரெமிஜியஸ் பாதிப் படத்திலேயே தூங்கிவிடுவார். எழுப்பினால், "ஜெயிச்சிட்டானா?" என்பார்.

சிரிக்காதவன் வாரத்தில் இமைகூடக் கொட்டமாட்டார். ஆனாலும் அவருக்கு ஒரு குறை உண்டு. "ரெண்டு பேருமே ராக்கெட்ட கண்டுபுடிக்கிறான், ரகசியத்த கண்டுபுடிக்கிறான். ஒரு படத்துலயாவது பக்கத்து வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கானா சார்? அந்தம்மாவுக்குத் தெரியாத ரகசியம் இன்னா இருக்குது?"

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். "வாங்க. ஆனா வாயத் தொறக்காதீங்க" என்றார். இப்படித்தான் ஒரு வியாழக்கிழமை அவரோடு தொம்மலூர் போனேன். பஸ்ஸில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பிரகாஷ் என்று ஒரு பையனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேரவேண்டும். முதலில் விசாரிக்கப் போன விஜய்குமார், அதே அலுவலகத்தில் டை கட்டிய இளைஞர், 'அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொய் விலாசம் கொடுத்தவனுக்கு வேலை இல்லை. அந்தத் தாளை ரெமிஜியஸ் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவன் இவ்வளவு சின்னச் சந்தின் பெயரையா எழுதுவான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. சனிக்கிழமை வரைக்கும் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

பழைய ஊருக்குள், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்பக்கம் ஒடுங்கிக் கிடந்தது அந்தச் சந்து. பிரகாஷின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஓர் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முத்தம்மா என்று பிறகு தெரிந்தது. ரெமிஜியஸ் தன் சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டினார். நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கீரை விலை, வெயில், எதிரில் எழும்புகிற கட்டடத்தின் உயரம் என்று என்னவெல்லாமோ பேசிச் சிரித்தார். பிறகு பேச்சோடு பேச்சாக, "பிரகாஷ் தம்பி இங்கதானே இருக்காரு?" என்றார்.

அதுவரைக்கும் தமிழில் ஊம் கொட்டிக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று கன்னடத்துக்கு மாறினார். "கொத்தில்லா." தெரியாது. அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சந்தில் மற்ற வீடுகளிலும் கேட்டோம். எல்லாரும் அந்த அம்மாளின் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, தெரியாது என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பையனின் பிழைப்பு போகிறது, இவர்களுக்கு என்ன அப்படி ஒரு வீம்பு என்று டீக்கடையில் பொரிந்து தள்ளினேன். ரெமிஜியஸ் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்து முடித்ததும் திரும்பவும் அந்த வாசலுக்குப் போனார். இந்த முறை சிரிக்கவில்லை. சுரங்க வாசலில் நிற்கிற முகம்.

"யம்மா, ஒளிவு மறைவு வேணாம். அந்தப் பையனுக்கு வேலை கெடச்சிருக்குது. நீங்க இல்லைன்னு சொன்னா அது போயிடும். இதச் சொல்லக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர், சொல்லிட்டேன்."

கதவிடுக்கில் இருந்து பதில் வந்தது, தமிழில். "வேலைன்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

"சரி, என்ன நம்ப வேணாம். என் பேரு ரெமிஜியஸ். விவேக் நகர்ல குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னாடி இருக்கறேன். வந்து என்னப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க." காம்பவுண்டுக்கு வழியும் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது. வரமாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். ரெமிஜியஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் முத்தம்மா வந்தார். நான் ரெமிஜியஸ் வீட்டில் சிரிக்காத ஒற்றனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பவுண்டு கேட் அருகில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஆதிகேசவனிடம் யாரோ ஒரு பெண்பிள்ளை ரெமிஜியஸ் பெயரைச் சொல்லி விசாரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஆதிகேசவன் பெட்டியை நிறுத்தாமலே, "கொத்தில்லம்மா, அந்தப் பேர்ல இங்க யாரும் கிடையாது" என்றார். இது எங்கள் காம்பவுண்டின் வழக்கம். ரெமிஜியஸ் எழுதிக் கொடுத்ததால் வேலை போன ஒருவன் முன்பு வந்து கதவை உதைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஆரம்பித்தது, யார் வந்து கேட்டாலும் அவர் இங்கே இல்லை. நானே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

முத்தம்மா விடாமல் உள்ளே வந்து கதவைத் தட்டினார். வந்திருப்பது யாரென்று தெரியாத எலிசபெத் பாதி திறந்து, கழுத்தில் ஜெபமாலையோடு நின்றுகொண்டு கூசாமல் சொன்னார். "ரெமிஜியஸா? அப்டி யாரும் இல்லீங்களேம்மா." அவருக்குப் பின்னால் அந்த ரெமிஜியஸ் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது வாசலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

முத்தம்மா அவரைப் பார்த்தார், எலிசபெத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டியே இல்லைன்றா! அப்போ நீயும் நம்மள மாதிரி பயந்தவன்தான்." உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். எலிசபெத் வெட்கத்தோடு காபி போடப் போனார்.

காபி ஆறுகிறவரைக்கும் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு முத்தம்மா பேசினார். தொண்ணூற்றொன்றில் தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரம் வந்தபோது அவர்கள் வேறு ஏரியாவில் குடியிருந்தார்களாம். பிரகாஷின் அப்பா முனிராஜ் அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். 

"ஒருத்தன் வந்தான். நல்லாத்தான் இருந்தான், சட்டையெல்லாம் போட்டுகினு. முனிராஜ் அண்ணன் வீடு எதுன்னு கேட்டான். சிரிச்சிகினேதான் கேட்டான். பிரண்டு போலன்னு நெனச்சி, தோ அந்த வீடுன்னு இந்தக் கையால காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்து விசில் அடிச்சான். சந்துல இருந்து இருவது பேர் வந்தாங்க."

அடித்த அடியில் முனிராஜுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை கேட்டில் ஸ்டூலில் உட்காருகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவர் மனைவி விடியற்காலையிலேயே அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். கலவரத்தன்று அவர்களைத் தன் வீட்டில் மறைத்துவைத்துச் சோறு போட்டது ஒரு கன்னடக்கார அம்மா என்பதையும் முத்தம்மா சொல்லத் தவறவில்லை. பிறகு முனிராஜ் குடும்பம் தொம்மலூருக்குப் போனபோது இவரும் கூடவே போனார். பக்கத்து வீடு காலியாகும்வரை காத்திருந்து பிடித்தார்.

"ஏன் காட்டினேன்னு அவங்க என்ன ஒரு வார்த்தை கேட்டதில்ல நைனா. அதான் தாங்கல. யார் வந்து கேட்டாலும் கொத்தில்லான்னு சொல்லுங்கன்னு சந்துக்கே சொல்லி வச்சிருக்கறேன். நீ சிரிச்சிகினு வந்தியா, எனக்கு அவன் மொகந்தான் தெரிஞ்சுது."

ரெமிஜியஸின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டார். "இங்க சொன்னது கணக்குல வராதும்மா. அங்க வந்து, அந்த வூட்டு முன்னாடி கேட்டு எழுதணும். நாளைக்கிக் காலையில வர்றேன்" என்றார். முத்தம்மா தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று ராத்திரி படத்தை யாரும் திரும்ப ஓடவிடவில்லை. என் கட்டுரையில் எழுத வைத்திருந்த கெட்டிக்கார வாக்கியங்களை நினைத்து எனக்கு அசிங்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தொம்மலூர்ச் சந்தில் முத்தம்மா குளித்து, தலையை முடிந்து, வாசலில் நின்றிருந்தார். மற்ற வீடுகளிலும் கதவுகள் திறந்திருந்தன. ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். "முனிராஜ் மகன் பிரகாஷ், இந்தச் சந்துலதான் இருக்கறாரா?"

முத்தம்மாவின் வலது கை எழும்பியது. முழங்கையிலிருந்து மெதுவாக, பக்கத்து வீட்டுக் கதவை நோக்கி நீண்டது.

ரெமிஜியஸ் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கை முழுதாக நீள்வதற்குள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, குழந்தையின் கையை இறக்குவதுபோலக் கீழே இறக்கினார்.

"கை காட்டாதீங்கம்மா. வாயால சொல்லுங்க, போதும்."

சொல்லட்டும் என்று அந்தக் கையை விடாமல் பிடித்தபடி நின்றார்.