நீலம் வந்தால் வர்க்கி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தீர்மானித்தது ஒரு நிறம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது எங்கள் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்திருக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீரை விட்டுச் சூடாக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்தில் போய் நின்றால் ஆபத்து.

இந்த வித்தையை அம்மா டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். சமையலறைக்குள் அந்தச் சமாச்சாரம் நுழையக் கூடாது என்பதால் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொள்வாள். அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்கு இதே வியாதியில் ஒரு கால் போயிருந்தது. அதனால் அவள் குழாயைப் பிடித்திருக்கும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது.

அப்பா டீ ஃபேக்டரியில் கிளார்க். நாக்குக்கு அடிமை. வீட்டுக்குப் பின்னாலேயே உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தது. அதை அவர் பார்க்கலாம், தின்னக் கூடாது. தட்டில் விழுந்ததெல்லாம் ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல், பீன்ஸ் பொரியல். மாட்டுக்குக்கூட இப்படிப் பச்சையாகப் போட மாட்டார்கள் என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆனால் ஞாயிறு காலை நீலம் வந்துவிட்டால் மட்டும் மனமிரங்குவாள். அன்று மாலை டீயில் தொட்டுத் தின்ன பேக்கரி வர்க்கி பிஸ்கட் உண்டு, ராத்திரிக்கு உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு.

ஏழு வயதில் எனக்கு முதல் வேலை கிடைத்தது இப்படித்தான். ஒரு ஞாயிறு விடியற்காலையில் அப்பா என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். கையில் ஒரு சின்ன மருந்து பாட்டில்.

“அம்மிணி, அப்பாவுக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். அம்மாகிட்ட மூச்சுக் காட்டப்படாது.”

என்ன ஒத்தாசை என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று அம்மாவின் குழாயில் நீலம் அப்படியே நின்றது.

“ஏனுங்க, சுத்த நீலமுங்க!” என்று கூவினாள். அவ்வளவும் தன் கீரையின் மகிமை என்று நம்பி, லைன் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரமே பக்கத்து வீடுகளில் களி கிண்டும் வாசனை வந்தது. அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வர்க்கி தின்றோம். வாரா வாரம் நீலம் தந்தேன். பள்ளிக்கூடத்தில் வாங்காத பெயரையெல்லாம் இந்த வேலையில் வாங்கிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மருந்து பாட்டிலைக் காணவில்லை. கழுவப் போட்டிருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து வேலையை முடித்து, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இருட்டில் அதைக் கவனிக்காமல் அம்மாவிடம் நீட்டிவிட்டார்.

குழாய் சூடானது. நீலம் கலங்கிப் பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறமானது. நான் இவ்வளவு அழகான நிறத்தை அதுவரை வரவழைத்ததில்லை.

“நேத்து எங்க போயி என்னத்தத் தின்னீங்க?” என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மிணி, உனக்குத் தாகமா இருக்குதா? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறயா?” என்று கேட்டவர், அம்மா பக்கம் திரும்பினார். “அது என்னுது இல்ல. பாப்பாவுது.”

அம்மா விளக்கை அணைத்தாள். பெரியவருக்கு வந்தால் களியோடு போகும்; குழந்தைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் தேயிலைக்கு நடுவே டிஸ்பென்சரிக்கு ஓடினார்; அம்மா பின்னாலேயே வந்தாள். தோளில் ஏறும் வயதெல்லாம் எனக்கு எப்போதோ போயிருந்தது. நான் மேலே இருந்தபடி எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு போனேன்.

கம்பவுண்டர் ஒரு சுத்தமான டம்ளரைக் கொடுத்தார். திரும்பச் சோதித்தார். நீலம். மறுபடியும் ஒருமுறை. நீலம். பிறகு அம்மா சேலைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் தொட்டுப் பார்த்தார். விரல் பிசுபிசுவென்று ஒட்டியது.

“ஏம்மா, இது தேன் பாட்டிலுங்களே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சிரித்து முடித்த கம்பவுண்டர் அவர் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தார். அந்த முறை குழாயில் வந்தது உண்மையான செங்கல் நிறம். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எங்கப்பன் காலுக்கு அழுததே எனக்கு இன்னும் தீரலைங்க,” என்றாள். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி நான் கேட்காமலே அம்மா வறுவல் செய்து என் தட்டில் வைத்தாள். அப்பா தன் தட்டை நகர்த்தி, “இன்னுங் கொஞ்சம் கீரை வைய்யி,” என்றார். முணுமுணுக்காமல், குனிந்த தலை நிமிராமல் களியைத் தின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னால்தானே அவருக்கு வறுவல் போயிற்று என்று நினைத்து, காதோரம் போய்ச் சமாதானம் சொன்னேன்.

“அடுத்த வாரம் நல்ல நீலமாத் தந்துர்றேனுங்கப்பா.”

அவர் எச்சில் கையோடு என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடவேயில்லை. சில மாதங்களில் அவரே சொந்தமாக நீலம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு தேன் பாட்டிலுக்காக என்னை வேலையை விட்டே எடுத்துவிட்டாரே என்று எனக்கு வெகுநாள் வரை அவர்மேல் வருத்தம் இருந்தது.