மேல்பாறையிலிருந்து எடுத்த படம்

மலையின் உயரத்தில் ஓர் ஆயிரம் அடி கூட்டிச் சொல்வேன். குளிரையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வேன். ஓய்வுபெற்றவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி? மற்றபடி இதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. படம் இருக்கிறது. நூலக மண்டபத்தில், இடது பக்கச் சுவரில், ஜன்னலுக்கு அடுத்தாற்போல் தொங்குகிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு வந்து, தூக்கம் போச்சு என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

நடந்தது ஸ்டூடியோக்காரருக்கு. ஊரில் அவரை 'மூடி' என்றால்தான் தெரியும். அவர் கையில் இருப்பது ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அதில் கண் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. லென்ஸைக் கோணிப்பை போட்டுக் கட்டினாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். அப்படித்தான் ஒரு கல்யாணத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே முழு ரோலையும் எடுத்துத் தள்ளினார். மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம், எல்லாம் கும்மிருட்டு. பெண்ணின் அப்பா ஸ்டூடியோ வாசலில் வந்து போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் பால் திரிந்துபோனது.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் அவருடைய அக்கா வீட்டுக்காரர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. கழுகு. எங்கே போனாலும் உச்சாணியில் போய் உட்காருகிற ஆள். விருந்து வீட்டில்கூட மாடிப்படியின் மேல்படியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

மச்சானும் மச்சானும் ஒரே மாதிரி காமிரா, ஒரே மாதிரி நீள லென்ஸ் வாங்கிக்கொண்டு மலைக்குப் போய் மலையாடுகளைப் படம் எடுப்பார்கள். செங்குத்துச் சரிவில் இரண்டு பாறைகள். மேல்பாறையில் கழுகு. கீழ்ப்பாறையில் மூடி. ஆடுகள் வளைவு திரும்புவதற்கு முன்னால் மேலேயிருந்து ஒரு குரல் வரும்: "மூடி!" கீழேயிருந்து இவர் லென்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்ல!" என்பார். அதற்குப் பிறகு இருவரும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் அவர்கள் வழக்கம்.

அந்தப் படம் அப்படி ஒரு நாளில்தான் விழுந்தது. கூரான ஒரு கல்லின் மேல் நாலு காலையும் சேர்த்து நிற்கிறது ஒரு தாய் ஆடு. அதன் இரண்டு கொம்புக்கும் நடுவே, அளந்து வைத்ததுபோல், தூரத்துச் சிகரம். கீழ்ப்பாதி முழுக்கப் பனி. காலண்டரில் வந்தது, பரிசு வாங்கியது, பாங்குச் சுவர்களில் ஏறியது. கழுகின் பெயரில்.

ஆனால் இரண்டு ரோலையும் மூடியின் ஸ்டூடியோ குளியலறையில் ஒரே டப்பாவில் போட்டுத்தான் கழுவினார்கள். எது யாருடையது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. மூடி கடைசி வரை, "அது நான் எடுத்தது" என்றார். கழுகு கடைசி வரை, "மூடி போட்டுக்கிட்டா எடுத்தே?" என்றார். எட்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கழுகு அதே மலையிலிருந்து விழுந்து செத்துப்போனார். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். துக்க வீட்டில் மூடி குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடுவே சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தார். அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, நூலக மண்டபத்தில் கழுகின் படங்களை நிரந்தரமாக வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மூடி நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

"அந்த ஆட்டுப் படத்துக்குக் கீழ பேர் எழுதிட்டியா?"

"ஆரம்பிச்சிட்டான். செத்த மனுஷனோட சண்டை போட வெக்கமா இல்ல உனக்கு?"

"உசுரோட இருந்தப்பவும் போட்டேன். அப்ப மட்டும் கேட்டியா? வாழ்க்கையில உருப்படியா ஒரே ஒரு படம் எடுத்தேன்கா. அதுவும் எனக்கு இல்லன்னா, நான் வெறும் பாஸ்போர்ட் படக்காரன்தான்."

அக்கா ஒரு வழி சொன்னாள். "சரி. நீ உக்காந்த பாறையிலேர்ந்து இன்னொரு படம் எடுத்துட்டு வா. அந்தக் கல்லும் அந்தச் சிகரமும் அதே மாதிரி சேர்ந்து விழுந்தா, உன் பேரப் போடறேன். விழலைன்னா ஜென்மத்துக்கும் வாயத் திறக்காதே."

"சத்தியமா?"

"சத்தியமாடா. போ. மூடியக் கழட்டிட்டு எடு."

மறுநாளே கிளம்பிவிட்டார். அடிவாரத்தில் வனக்காவலர் நிறுத்தினார். ஓடையைத் தாண்ட அனுமதி இல்லை. "ஓடை வரைக்கும்தான் போறேன்" என்று மூடி கூசாமல் புளுகினார். எந்த இடத்துக்கு என்று காவலரும் கிளறவில்லை.

ஓடையைத் தாண்டியதும் பாதை பழைய மாதிரி இல்லை. வழி நெடுக உடைந்த கற்கள். பீரோ பீரோவாக. உடைந்த பக்கம் வெள்ளை வெளேரென்று, நேற்று உடைத்த தேங்காய் மாதிரி. மழை வேலை என்று நினைத்துக்கொண்டு ஏறினார். குளிரா அது? மூக்கு இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

கீழ்ப்பாறை அப்படியே இருந்தது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான இடம்கூட அப்படியே. தலைக்கு மேல் பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது.

சாயங்காலம் ஆடுகள் வந்தன. முதலில் இரண்டு குட்டிகள். பிறகு ஒரு கிடா. மூடி காமிராவைக் கண்ணில் வைத்து அழுத்தினார்.

சிக்.

இந்தக் காமிராவின் சத்தம் ரொம்பச் சின்னது. உள்ளே துணித்திரை ஓடும் சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே கேட்காது.

மேலே பனிக்குள்ளிருந்து இன்னொன்று கேட்டது.

சிக்.

எதிரொலி, என்று நினைத்தார். எதிரொலிக்கு இவ்வளவு சின்னச் சத்தம் போதுமா என்று நினைக்க விரும்பவில்லை. அடுத்ததை எடுத்தார். சிக். மேலேயும் சிக். இன்னொன்று. மேலேயும் இன்னொன்று. ரோல் முடியப்போகும் வரை இப்படியே.

அடுத்த படத்துக்காக ஃபிலிமை நகர்த்தும் கைப்பிடியில் விரலை வைத்தார். இன்னும் இழுக்கவில்லை.

மேலே... கர்ரக்.

அவர் இழுக்கும் முன்பே.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. எதிரொலி முந்திக்கொண்டு வருமா?

"யாரு மேல?" என்றார்.

ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் கேட்டது அவற்றின் காதில் விழவே இல்லையா?

காமிராவை மெல்ல மேலே திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, படம் தெளிவு. ஐந்தடியில் நிற்பவனும் ஒன்றாவான், அடிவானத்து மலையும் ஒன்றாகும்.

கட்டத்துக்குள் பனி.

பனிக்குள் ஒரு கரிய உருவம். குந்தி உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு நேராக எதையோ பிடித்துக்கொண்டு.

இரண்டாகத் தெரிந்தது.

வளையத்தைத் திருப்பினார். இரண்டும் நெருங்கின. இன்னும் திருப்பினார். இன்னும்... வளையம் முட்டி நின்றது. எட்டைப் படுக்கப்போட்டதுபோல் ஒரு குறி இருக்குமே, முடிவே இல்லாத தூரம் என்று, அதில் போய் நின்றது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை.

உருவம் இன்னும் ஒன்றாகவில்லை.

நடுவே ஒரு விரல் இடைவெளி. அந்தக் குறிக்கும் அப்பால் ஒருவன் உட்கார்ந்திருந்தால்... அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்?

காமிராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார்.

பனி மட்டும்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நானாக இருந்தால் பாதி மலையைத் தாண்டியிருப்பேன். ஆனால் அதே நேரத்தில் வளைவில் அந்தத் தாய் ஆடு வந்தது. நேராகக் கூரான கல்லில் ஏறியது. நாலு காலையும் சேர்த்தது. ஃபிலிமில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. எட்டு வருஷம், அதற்கு மேல் இரண்டு வருஷம். அவருடைய பெயர் அந்தக் கல்லின் மேல் நின்றது.

கைப்பிடியை இழுத்துவிட்டுக் காமிராவைக் கண்ணில் வைத்தார்.

காதுக்கு மேலே, நிதானமாக, பழகிய குரல்.

"மூடி!"

ஆடு அசையவில்லை.

"இல்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை தானாக லென்ஸைத் தடவியது.

மூடி இருந்தது.

கழற்றவே இல்லை. இதுவரை எடுத்ததெல்லாம் கும்மிருட்டு.

மேலே மெல்லிய சிரிப்பு. கேலிச் சிரிப்பு. பரிசு வாங்கிய அன்று சிரித்த அதே சிரிப்பு.

மூடியைப் பிடுங்கி எறிந்தார். ஜன்னலில் பார்த்தார். பனி ஒரு மூச்சு நேரம் விலகியது. கொம்பு இரண்டுக்கும் நடுவே... சிகரம். அளந்து வைத்ததுபோல். கீழ்ப்பாதி முழுக்கப் பனி. இருக்கட்டும். கல் இருக்கிறது, சிகரம் இருக்கிறது. போதும்!

சிக்.

மேலே சத்தம் இல்லை.

இந்தத் தடவை ஒரே சிக்தான்.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு செருப்பு மலையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் குளியலறையில் ஃபிலிமைக் கழுவினார். எதிர்பார்த்த மாதிரியே, வெளிச்சம் படாத ஃபிலிம் வெறும் கண்ணாடிப் பட்டை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஏதோ இருந்தது. விழுந்திருக்கிறது! சிவப்பு விளக்கடியில் தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினார்.

முதலில் சிகரம் வந்தது. பிறகு கொம்புகள். பிறகு கல். பழைய படத்தை மேலே வைத்தால் மயிரிழை பிசகாது. ஜெயித்துவிட்டோம் என்று குளியலறையிலேயே ஒரு குதி குதித்தார்.

கீழ்ப்பாதி இன்னும் வந்துகொண்டிருந்தது.

பனி இல்லை. ஒரு துளிகூட இல்லை. சரிவு தெரிந்தது. சரிவில் ஒரு பாறை. பாறையின் மேல்...

ஒரு ஆள்.

குனிந்து காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து பார்ப்பதால் உச்சந்தலைதான் தெரிந்தது. பளபளவென்று வழுக்கை.

தன் தலையை மேலேயிருந்து மூடி அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

தன் காமிரா. தன் ஃபிலிம். அழுத்தியது தன் விரல். படம் மட்டும் மேல்பாறையிலிருந்து.

இரண்டு நாள் படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். மூன்றாம் நாள் படத்தை எடுத்துக்கொண்டு நூலக மண்டபத்துக்குப் போனார். அக்கா படங்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"இது எங்கடா கெடச்சுது? அவர் எடுத்த படமாச்சே! கீழ நீ உக்காந்திருக்கே."

"அக்கா, இது போன வாரம் எடுத்தது. தலையப் பாரு. அவர் இருந்தப்போ எனக்கு முடி இருந்துச்சு."

"மேலேர்ந்து பாத்தா எல்லார் தலையும் வழுக்கதான். கத கட்டாதே."

படங்களை வண்டியில் ஏற்றிவர உதவிய வனக்காவலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கழுகைக் கீழே தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். குனிந்து படத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"போன வாரம் எடுத்திருக்க முடியாது சார். இது மேல்பாறையிலேர்ந்து எடுத்தது. அந்தப் பாறைதான் இப்ப இல்லையே."

"இல்லையேன்னா?"

"அவர் கால் வழுக்கி விழல சார். பாறையே அவரோட சேர்ந்து பேந்துக்கிட்டு வந்துடுச்சு. ஓடை தாண்டி செதறிக் கெடக்கே, எல்லாம் அதுதான். வீட்ல கேட்டா தாங்க மாட்டாங்கன்னு சொல்லாம விட்டோம்."

மூடி அவர் பக்கம் திரும்பினார். "இப்ப... மேல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஆள் நிக்கக் கைப்பிடி இடம் கெடையாது. வெறும் ஆகாசம்."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியா? பாறையே இல்ல. அப்புறம் நீ எப்படிடா எடுத்திருப்பே? கல்லு, சிகரம், ரெண்டு படத்துலயும் ஒண்ணுபோல இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு? இப்பவாவது உன் வாயால சொல்லு. இத யாரு எடுத்தது?"

மூடி படத்தைப் பார்த்தார். அந்த உச்சந்தலையைப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்றால், சொல்வதற்கு ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"அவர்தான்கா எடுத்தார்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து இரண்டு படத்துக்கும் அட்டை எழுதினாள். இரண்டிலும் ஒரே பெயர். சுவரில் உயரம் அவளுக்கு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு ஆணியையும் மூடிதான் அடித்தார்.