ஒரு கையெழுத்துக்காகக் கீழப்பழுவூர் வரை

சனிக்கிழமை காலை 7.40. பெரம்பலூரில் அரியலூர் பேருந்தில் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம். கட்டணம் இருபத்தெட்டு ரூபாய். ஊர் சுற்றப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போவார்கள். நான் எடுத்துப் போனது முனைவர் பட்ட ஆய்வுக்கான விண்ணப்பம். அதில் நெறியாளர் ஒருவர் என்னை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் திங்கள்கிழமை. ஒரு நெறியாளரிடம் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. ஒருவர் முடித்து வெளியேறினால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். அரியலூர்க் கல்லூரி ஒன்றில் நெறியாளராக இருக்கும் சாரிடம் ஓர் இடம் காலியாவதற்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். பதிவுக் கடிதம் காட்டாதவர்கள் ஜூன் மாதத்துக்கு மேல் பாடம் நடத்த வர வேண்டாம் என்று எங்கள் தனியார் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

8.15. பேரளி தாண்டியது. நடத்துநர் என் மடியைப் பார்த்தார்.

"என்னங்க, ஃபைலும் கையுமா? கலெக்டர் ஆபீஸா?"

"இல்லைங்க. பிஎச்.டி. விஷயமா."

"இன்னமும் படிக்கிறீங்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு வயது முப்பத்து நாலு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரியலூர் நெருங்க நெருங்கச் சிமெண்ட் லாரிகள் கூடின. சாலையோரக் கருவை மரங்களில் வெள்ளைப் புழுதி. அங்கங்கே சுண்ணாம்புக்கல் தோண்டி விட்டுப்போன பள்ளங்களில் பச்சையாகத் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் என் ஆய்வுப் பொருள். மாடுகள் அதைத்தான் குடிக்கின்றன, பெண்கள் அதில்தான் துவைக்கிறார்கள். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பதினொரு பள்ளங்களில் மாதாமாதம் பாட்டிலில் பிடித்து, கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து எழுதி வைத்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தத் தண்ணீர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

9.10. சார் வீட்டுக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள், நடந்தேன். பழகிய தெரு. இரண்டு வருடச் சனிக்கிழமைகளில் பாதி இங்கேதான் போயிற்று. அவருடைய மாணவர்களின் இயல்களைத் திருத்துவது, வரைபடம் போடுவது, நூற்பட்டியல் தட்டச்சு செய்வது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் இப்படித்தான் காத்திருப்பார்கள்.

"வாம்மா, உக்காரு. காப்பி சாப்புடு" என்றார் சார். பிறகு, "அந்த எடம் போயிடுச்சும்மா. எங்க காலேஜ் செயலாளரோட மருமவளுக்குக் கேட்டாங்க. நான் என்ன பண்றது, சொல்லு? கீழப்பழுவூர்ல ஒரு மேடம் இருக்காங்க. அவங்ககிட்ட எடம் இருக்கு, போய்ப் பாரு."

காப்பி வந்தது. முழுவதையும் குடித்தேன். இன்றுவரை ஆத்திரம் அந்தக் காப்பியை நினைத்துத்தான்.

10.30. கீழப்பழுவூருக்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை.

11.15. மேடம் வீட்டைக் கண்டுபிடித்தேன். அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். மழைக்கு முன் எடுத்த தண்ணீர் எது, பின் எடுத்தது எது, பள்ளத்தின் ஆழம் என்ன. இரண்டு வருடத்தில் சார் ஒரு தடவைகூட இதையெல்லாம் கேட்டதில்லை. பேனாவைத் திறந்துகொண்டே, "நல்ல டாபிக்குங்க. இவ்ளோ நாளா யார்கிட்ட இருந்தீங்க?" என்றார்.

சார் பெயரைச் சொன்னேன். பேனா மூடிக்கொண்டது.

"அவரு ஆளா நீங்க? தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்கள எடுத்தா, அவருகிட்டேர்ந்து இழுத்துட்டேன்னு ஆயிடும். நாளைக்கு என் பசங்க வைவாவுக்கு அவருதான் எக்ஸாமினரா வந்து உக்காருவாரு. அவரே ஒரு போன் போட்டுச் சொல்லட்டும், இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

வாசலுக்கு வந்து சாரை அழைத்தேன்.

"நான் எப்புடிம்மா சொல்றது? நீ என் ஸ்காலரே இல்லையே. ஆபீஸ்ல உன் பேரே கெடையாது. நானே போன் பண்ணிச் சொன்னா என்னைய என்ன நெனைப்பாங்க?"

மேடத்துக்கு நான் அவருடைய ஆள். அவருக்கு நான் யாருமில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். மேடம் முகம் வாடிவிட்டது. "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார், உண்மையான அன்போடு. என்னால் முடியவில்லை.

2.20. அரியலூரிலிருந்து திரும்பும் பேருந்து. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. சார். மனசு மாறி மேடத்திடம் பேசிவிட்டார் என்றே நம்பினேன்.

"பஸ்ல இருக்கியாம்மா? அந்தச் செயலாளர் மருமவளுக்கு டாபிக் ஒண்ணும் அமையல. உன்னோட குவாரித் தண்ணி டாபிக்கையே குடுத்துடலாம்னு பாக்குறேன். டேட்டா உன்கிட்டதான இருக்கு? ஒரு சினாப்சிஸ் எழுதி நாளைக்கு அனுப்பிடு. அடுத்த எடம் கண்டிப்பா உனக்குத்தான்."

வெளியே அந்தப் பச்சைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். படிக்கிற நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள்.

"எத்தனை பக்கம் சார்?" என்று கேட்டேன்.