உப்புக்காற்றுக்கு நான் போட்ட மூடி

மச்சானின் கண்கட்டை அவிழ்க்கும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விறாந்தையில் இருந்தால் வாவிக்கரைக்குப் போகத் தோன்றும். வாவிக்கரையில் நின்றால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது போலிருக்கும். திரும்பி நடப்பேன். செட்டிபாளையத்தில் உப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே அப்படி நடந்து திரிந்த கிழவனைப் பார்த்து, மாஸ்டருக்கு மச்சான் மேல் எவ்வளவு பாசம் என்று அயலில் பேசிக்கொண்டார்களாம். அது பாசம் மட்டுமல்ல.

நான் இரசாயனவியல் படிப்பித்தவன். மனைவி போனபிறகு தங்கையின் வீட்டில் இருக்கிறேன். அவளுடைய கணவரைத்தான் மச்சான் என்கிறேன். அவர் தோணியில் லைட் கட்டி வாவியில் இறால் பிடிப்பவர்.

ஐதரசனைப் படிப்பிக்கும் நாளில் எனக்கு எப்போதும் ஓர் உற்சாகம் வரும். ஆவர்த்தன அட்டவணையில் முதலாவதாக நிற்கும் இதற்குத்தான் சரியான இடம் இல்லை. ஓர் இலத்திரன் இருப்பதால் சோடியத்துக்கும் இலிதியத்துக்கும் மேலே, முதலாம் கூட்டத்தின் தலையில் வைக்கிறார்கள். ஆனால் அவை கத்தியால் வெட்டக்கூடிய உலோகங்கள். இது வாயு. இன்னும் ஓர் இலத்திரன் கிடைத்தால் இதன் ஓடு நிறைந்துவிடும், அப்படிப் பார்த்தால் குளோரீன் இருக்கும் கூட்டத்தில் சேர்க்கலாம். சோடியத்தோடு சேரும்போது அந்த ஓர் இலத்திரனை வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. ஆனாலும் குளோரீனைப் போலப் பாய்ந்து பறிப்பதில்லை. அதனால் சில அட்டவணைகளில் எல்லாவற்றுக்கும் மேலே தனியே விட்டிருப்பார்கள். இதையெல்லாம் நான் கதை போலச் சொல்வேன்.

பிறகு அதன் குணங்கள். நிறமில்லை, மணமில்லை. வாயுக்களில் மிக இலேசானது, மேலே போகும். மூடியிருந்தால் மூடிக்குக் கீழே தங்கும். சோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைப் பிடித்தால் 'பொப்' என்று கேட்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஈயப் பற்றறியைச் சார்ஜ் பண்ணும்போது கடைசியில் அதற்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளியே வரும் என்பதையும் சமன்பாட்டோடு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

மச்சான் தன் தோணி லைட்டின் பற்றறியைப் பின்விறாந்தையில் திறந்தபடி வைத்துத்தான் சார்ஜ் பண்ணுவார். எங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்போடுதான் வரும். பற்றறியின் முனைகளில் பச்சையாகப் பூத்துவிடும். அவர் கிறீஸ் பூசுவார், பொலித்தீன் சுற்றுவார், மறுபடியும் பூக்கும். அவர் படும் பாட்டைப் பார்த்து நான்தான் பெட்டி யோசனையைச் சொன்னேன். பலகையில் ஒரு பெட்டி செய்வித்து, மூடியின் விளிம்பெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணியடித்தேன். வயர் போகும் துளையைக்கூட மெழுகால் அடைத்தேன். ஓர் ஊசிக்காற்று உள்ளே போகாது. உள்ளே போக வழியில்லாவிட்டால் உள்ளிருப்பது வெளியே வரவும் வழியில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

தங்கை பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணா, பற்றறிக்குச் சவப்பெட்டியா?" என்றாள். மச்சான் சிரித்தார். ஆனால் முனைகள் பூக்காமல் நின்றதும் அயலாரைக் கூட்டிவந்து காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு பின்னேரம், தோணிக்குப் போகிற அவசரத்தில், சுவிட்சை நிறுத்தாமலே அவர் மூடியைத் தூக்கிக் கிளிப்பைப் பிடுங்கினார். ஒரு பொறி போதும். அந்தச் சத்தத்தில் யாரும் சிரிக்கவில்லை. பற்றறி வெடித்துப் பிளந்து அமிலம் அவர் முகத்தில் அடித்தது. கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன் என்று டாக்டர் சொன்னார். வலக்கண் தப்பியது. இடக்கண்ணைக் கட்டிவிட்டு, அவிழ்க்கும்போதுதான் சொல்லலாம் என்றார்கள்.

பார்க்க வந்த எல்லாரும் பற்றறி விற்ற கடைக்காரனைத்தான் திட்டினார்கள். பழைய பற்றறிக்குப் பெயின்ற் அடித்துக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். மச்சானும் அதையே நம்பினார். கண்கட்டு அவிழ்த்ததும் நேரே கடைக்குப் போவதென்றும் நான் கூட வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "பார்ப்பம்" என்றேன். அந்த ஒரு சொல்லோடுதான் அத்தனை நாளும் நடந்து திரிந்தேன்.

கட்டை அவிழ்த்தார்கள். இடக்கண்ணுக்கு டாக்டரின் விரல்கள் புகைக்குள் இருப்பதுபோல் தெரிந்தன, எத்தனை என்று எண்ண முடியவில்லை. இனித் தெளியலாம், தெளியாமலும் விடலாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மச்சான் ஓட்டோவைக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"இறங்குங்க மச்சான். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், அவன் வாய் திறக்கமாட்டான்."

கடைக்காரன் உள்ளே யாருக்கோ பல்ப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயது. நான் இறங்கவில்லை.

"பற்றறியில பிழையில்ல," என்றேன். "எண்ட பெட்டியிலதான் பிழை."

வாயு, மூடி, பொறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்ப்பதற்கு முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம். காலம் முழுக்கப் படிப்பிச்சதே அதுதான்."

"மறுகா என்னத்துக்கு மூடினீங்க?"

"உப்புக்காத்த மட்டும்தான் நினைச்சன்."

அவர் மறுபடி கடைப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு ஓட்டோக்காரரிடம், "எடு தம்பி, வீட்ட போவம்," என்றார்.

தங்கைக்கு மச்சான்தான் சொன்னார். அவள் எனக்குத் தேத்தண்ணீர் தருவதை நிறுத்தவில்லை, பேசுவதைத்தான் நிறுத்தினாள். வேறெங்காவது போய்விடலாமா என்று யோசித்தேன். போக இடம் இருக்கவில்லை. பெட்டியின் மூடியை மச்சான் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டார்.

பிறகு ஒருநாள் நான் இருந்த கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம்.

"வாங்கவன் மச்சான், ஆத்துக்குப் போவம்."

எனக்குத் தோணித் தொழில் தெரியாது என்றேன்.

"தொழில் தெரிய வேணாம். இடப்பக்கம் எனக்கு ஒண்டும் தெரியுதில்ல. அந்தப் பக்கம் இருந்துகொண்டு என்ன வருதெண்டு சொல்லுங்க. வாய்தானே உங்கட தொழில்."

இப்போது ஒவ்வொரு நாளும் போகிறேன். புதுப் பற்றறி என் காலடியில் மூடியில்லாமல் இருக்கிறது. வலைக்கம்பு வருகிறது, தண்ணீருக்குள் நிற்கும் கண்ணாமரம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சில வேளை நான் வாய் திறக்க முந்தியே அவர் தோணியைத் திருப்பிவிடுகிறார். கண் தெளிந்துவிட்டதா என்று கேட்க வாய் வரை வரும். கேட்பதில்லை. அடுத்த கம்பைத் தேடுகிறேன்.