எங்கள் தெரு மட்டும் ஏன் சிவப்பு?

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்து, அடையாறில் எங்கள் தெருச் சேறு காயத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலை வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. தோளில் லேப்டாப் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வடபழனியில் வீடாம், புள்ளியியல் படித்தவளாம். புற்றுநோயால் எந்தப் பகுதியில், எந்த வயதில் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று கணக்குப் போடும் குழுவில் வேலையாம். சுள்ளென்ற வெயிலில் வந்தவளை வாசலோடு அனுப்ப மனசு வரவில்லை. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன்.

லேப்டாப்பைத் திறந்து சென்னையின் வரைபடத்தைக் காட்டினாள். மயிலாப்பூர் வெளிர் மஞ்சள், தி.நகர் கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் மட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவந்து கிடந்தன.

"வயசானவங்க இருக்கிற ஏரியான்னா சாவு கூடத்தான் இருக்கும் ஆன்ட்டி. அதையெல்லாம் சரிபண்ணிட்டுத்தான் பாக்கறோம். அப்பவும் இங்க மட்டும் தூக்கலா வருது. அதுவும் சின்ன வயசு லேடீஸ் நிறைய. தண்ணில ஏதாவது இருக்கா, முன்னாடி இங்க ஃபேக்டரி கீக்டரி இருந்துதான்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். "நான் இந்தத் தெருவுக்கு மருமகளா வந்தவ. யார் வீட்ல யாருக்குத் தும்மல்னுகூட எனக்குத் தெரியும். இங்க எந்தச் சின்ன வயசுப் பொண்ணும் அப்படிப் போகலை. உன் கணக்குதான் தப்பு" என்று படபடவென்று பொரிந்தேன். பொரிந்துகொண்டிருக்கும்போதே எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அண்ணாந்து மாடியைப் பார்த்தேன்.

எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆரணி, திருக்கோவிலூர், கடலூர் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், தங்க இடம் இருக்காது. தெருவில் நாலைந்து வீடுகளில் அவர்களுக்கு மாடியை விடுகிறோம். நான் ஒண்டிக்கட்டை. போன் ஆபீசில் வேலை பார்த்த பென்ஷன் வருகிறது, சும்மாதான் விடுகிறேன். ஆஸ்பத்திரியில் உள்ளூர் விலாசம் கேட்பார்கள். "உங்க அட்ரஸைக் குடுக்கட்டுமாம்மா?" என்று தயங்கி நிற்பார்கள். "தாராளமா குடு" என்பேன்.

ஆக, அந்தச் சிவப்பெல்லாம் எங்கள் மாடிகளில் தங்கிப் போனவர்கள். ஊருக்குப் போய், உடம்பு மறுபடி மோசமாகி, எங்களிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேயே முடிந்திருக்கிறது. இறப்புப் பதிவிலும் பழைய விலாசமே ஏறியிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "தெரு மேல தப்பே இல்லையா ஆன்ட்டி?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் இல்லை.

என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் "போயிட்டு வரேம்மா" என்றால் திட்டுவேன். "வரேன்னு சொல்லாதே. போறேன்னு சொல்லிட்டுப் போ. இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே" என்பேன். சிரித்துக்கொண்டே, நாக்கைக் கடித்துக்கொண்டே "போறேம்மா" என்பார்கள். அப்புறம் சத்தமே இருக்காது. சத்தமில்லை என்றால் சௌக்கியம் என்று நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை.

முக்கியமாக ஒருத்தி. ஆரணிப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் பட்டுத்தறி நெய்கிறவர். ஊரில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாயெல்லாம் புண்ணாகி உப்புப் போடாத மோர்தான் இறங்கும். அந்த நிலையிலும் என்னைக் கிண்டல் செய்வதை மட்டும் விடமாட்டாள். நான் காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை போடுவதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டு, சாயங்காலம் அதே மாதிரி எனக்கே நடித்துக் காட்டுவாள். முடி கொட்டிய தலைக்கு என் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கட்டிவிடுவேன். எனக்குப் பெண் இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் வாயாடியாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளும் சிகிச்சை முடிந்து "போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

"உன் கணக்குல அவ இருக்காளான்னு பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டேன்.

புள்ளியியல் பெண் சங்கடத்தோடு தலையசைத்து மறுத்தாள். "எங்ககிட்ட பேரே வராது ஆன்ட்டி. வந்தாலும் சொல்லக் கூடாது. அப்படியே பாத்தாலும், ஊர்ல போய் நடந்திருந்தா இதுல இருக்காது" என்றாள். கிளம்பும்போது என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சேதி தெரியாதவங்களை நாங்க செத்தவங்கன்னு போடமாட்டோம் ஆன்ட்டி. கடைசியா என்னைக்கு உயிரோட பாத்தோமோ, அது வரைக்கும் இருந்தாங்கன்னு சேத்துப்போம். அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தத் 'தெரியாது'தான் தாங்கவில்லை. அன்று குழம்பு தீய்ந்தது. மாடியைப் பூட்டிவிடலாம், இனி யாரும் வேண்டாம் என்று தோன்றியது. அடுத்த வாரம் வரட்டுமா என்று திருக்கோவிலூரிலிருந்து கேட்ட ஒருவரிடம்கூட "பாக்கலாம்" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தேன்.

மறுநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வருகிறவள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள். ஆற்றோரக் குடிசைகளைக் காலிசெய்து ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிறகும் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறவள். அவளுக்கும் அந்த ஆரணிப் பெண் என்றால் உயிர்.

"இன்னாத்துக்குமா போனையே மொறச்சிக்கினு கீற? நம்பரு கீதில்ல? போடு. உன்னால முடியலன்னா எங்கைல குடு, நான் பேசறேன்."

போட்டேன். எடுத்தது ஆரணிப் பெண்ணின் புருஷன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. "மெட்ராஸ்லேர்ந்து பேசறேன்ப்பா, மாடி வீட்டம்மா" என்றேன். தறி நின்றது. "அம்மா" என்றார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அது போயி ரெண்டு தீவாளி ஆச்சிம்மா. வூட்லதான். கொழந்தைய பக்கத்துல படுக்க வெச்சிக்கினு, தூக்கத்துலயே."

"ஏம்ப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொல்லணும்னுதாம்மா இருந்தேன். அதுதான் வாணாம்னு சத்தியம் வாங்கிடுச்சி. 'அந்தம்மாவுக்கு வாய்தான் பெருசு, மனசு தாங்காது. நான் இல்லன்னு தெரிஞ்சா மாடியப் பூட்டிடுவாங்க. அப்புறம் வர்றவங்க எங்க போயி தங்குவாங்க? நான் நல்லா இருக்கேன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும்'னு சொல்லிச்சி."

போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகையை எழுத முடியாது. அவள் போனதற்கு மட்டும் அழவில்லை. சாகக் கிடந்த நேரத்தில், தனக்குப் பின்னால் வரப்போகிற முகம் தெரியாத யாரோ ஒருத்திக்கு இடம் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறாளே, என் குணத்தை இப்படித் துல்லியமாக எடை போட்டிருக்கிறாளே என்று நெஞ்சு வலித்தது. வேலைக்கு வருகிறவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் நான் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு திருக்கோவிலூர்க்காரருக்குப் போன் செய்து, திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னேன்.

சில மாதம் கழித்து அந்தப் புள்ளியியல் பெண் போன் செய்தாள். தங்க வந்தவர்களையெல்லாம் அவரவர் ஊர்க் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்களாம், எங்கள் தெரு மற்றத் தெருக்களைப் போல மஞ்சளாகிவிட்டதாம். நல்லது என்றேன். இப்போது மாடியில் கடலூரிலிருந்து வந்த தாயும் மகளும் இருக்கிறார்கள். ராத்திரி அங்கே விளக்கு எரிவதைப் பார்க்கும்போது நான் கொடுத்த இடம் என்று எனக்குத் தோன்றுவதில்லை, அவர்களுக்காக அந்த ஆரணிப் பெண் என்னிடம் கேட்டு வாங்கி வைத்துவிட்டுப் போன இடம் என்றுதான் தோன்றுகிறது.